தகரக் குவளையில் அடைபட்ட பெயர்

பசித்த வயிறு பெயர் கேட்பதில்லை என்று ஒரு கூற்று உண்டு. இட்டது சோறானால் என்ன, சாதமானால் என்ன, உள்ளே போய்ச் செரிப்பது ஒன்றுதானே என்று நகைப்பவர்கள் அக்கூற்றையே படைக்கலமாக ஏந்துவர். இன்னும் ஒரு படி மேலேறி, உணவுப் பெயர்களில் தூய்மை பார்த்தவன் கொடுங்கோலன் முசோலினி. ஆகவே அதனைப் பார்ப்பார் எவராயினும் அவன் வழியினரே என்று முடிவு கட்டுவாரும் உளர். முன்னது சோம்பலில் பிறந்த பொய்; பின்னது அறிந்தே சொல்லும் பொய். இரண்டையும் மறுப்பதற்கு அவர்கள் சுட்டிக்காட்டும் அந்த இத்தாலி நாட்டுக்கே செல்லலாம். அங்குள்ள ஒரு சிற்றூரில், குடும்பம் முழுதும் கூடியிருந்து உண்ணும் ஒரு நாளில், உண்கலத்தில் இடப்படும் ஒரே ஓர் உணவைப் பார்த்தாலே போதும்.

அவ்வூரின் பெயர் போர்லிம்போப்பொலி. இத்தாலியின் வடபால், எமிலியா-உரோமாஞா மாநிலத்தில், போர்லிக்கும் செசேனாவுக்கும் இடையே கிடப்பது. அங்கே செய்யப்படும் உணவின் பெயர் கப்பெல்லெத்தி. சிறு தொப்பிகள் என்பது அச்சொல்லின் பொருள். நூறு கிராம் கோதுமை மாவுக்கு ஒரு முட்டை என்பது அவ்வீட்டுப் பெண்டிரின் கணக்கு; தண்ணீர் ஒரு துளியும் சேர்வதில்லை. மரப்பலகையின்மேல் மாவைக் குவித்து, நடுவே குழியிட்டு, முட்டையை உடைத்து ஊற்றி, கை சலிக்கும் மட்டும் பிசைந்து, அரை மணி நேரம் மூடிவைத்து, பின் முழங்கையினும் நீண்ட உருட்டுக் கட்டையால் தேய்த்துத் தேய்த்துப் பெரிய வட்டமாக விரிப்பர். விரிந்த மாவுக்கு அவர்கள் இட்ட பெயர் சுபோல்யா. அதன் பொருள் ஏடு என்பது. அவ்வேட்டை விரிப்பவள் சுபோலீனா. தொழிலின் பெயரும் தொழில் செய்வாளின் பெயரும் ஒரே வேரினின்றும் கிளைத்தன.

ஏட்டைச் சிறு வட்டங்களாக அறுத்து, ஒவ்வொன்றின் நடுவிலும் உள்ளீடு வைத்து, பிறைபோல மடித்து, இரு முனைகளையும் விரல்நுனியில் சுற்றி ஒட்டினால் தொப்பி ஆகிவிடும். கொழுக்கட்டை பிடித்துப் பழகிய கை ஒரு நாளில் கற்றுக்கொள்ளும். உள்ளீட்டில் முதன்மையானது இரிக்கோத்தா என்னும் இளம் பாலாடைக்கட்டி. பாலினின்று கட்டியைப் பிரித்தபின் எஞ்சும் தெளிநீரை வீணே கொட்டாமல் மறுபடியும் காய்ச்சித் திரட்டுவதால் மீளக் காய்ச்சியது என்று அதற்குப் பெயர். ஏழை இடையன் ஒன்றையும் வீணாக்கவில்லை என்பதை அந்த ஒரு சொல் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அதனோடு பார்மிச்சானோ என்னும் முதிர்ந்த கட்டியைத் துருவிச் சேர்த்து, முட்டையும் சாதிக்காய்த் தூளும் எலுமிச்சைத் தோலின் துருவலும் கலந்து அடிப்பர். அடித்துக் கலந்ததைப் பத்தூ என்பது உரோமாஞா ஊர்ப்புற வழக்கு.

1811-ஆம் ஆண்டு, அந்நிலம் நெப்போலியனின் ஆட்சிக்குக் கீழிருந்த காலத்தில், மக்களின் பழக்கவழக்கங்களைக் கேட்டு மேலிடத்தினின்று வந்த ஆணைக்குப் போர்லிப் பகுதியின் ஆட்சியர் விடை எழுதினார். கிறித்து பிறந்த நாளில் வீடுதோறும் இவ்வுணவு உண்டென்பதையும், மக்கள் அதனை அளவின்றி உண்பதையும் அவ்விடையில் குறைகூறும் நடையில் குறித்தனர். மேலிருந்து பார்க்கும் கண்ணுக்குப் பெருந்தீனி மட்டுமே தெரிந்தது. ஆண்டு முழுதும் அரைவயிறு உண்டவனுக்கு அந்த ஒரு நாளில் ஏன் கை நிற்கவில்லை என்பது தெரியவில்லை. ஆள வந்தவர்கள் எழுதும் அறிக்கைகள் எங்கும் இப்படித்தான் இருக்கும் போலும்!

பெருநாளில் சேவற்கறிச் சாற்றில் மிதந்து வரும் இச்சிறு தொப்பிகள், மற்ற நாள்களில் இறைச்சிக் குழம்பில் புரண்டு வரும். அக்குழம்பின் பெயர் இராகூ. கோளின் பெயரோ என்று எவரும் அஞ்ச வேண்டா. 1982 அக்தோபர் 17-ஆம் நாள், இத்தாலியச் சமையற் கழகத்தார் இக்குழம்பின் செய்முறையைப் பொலோஞா நகரின் வணிக மன்றத்தில் எழுதிப் பதிவு செய்தனர். கொத்திய மாட்டிறைச்சி 300 கிராம், பன்றியின் வயிற்றுக் கொழுப்பிறைச்சி 150 கிராம், மஞ்சள் முள்ளங்கி 50, செலரித் தண்டு 50, வெங்காயம் 30, தக்காளிக் கூழ் ஐந்து கரண்டி, உலர்ந்த சுவையுடைய முந்திரித் தேறல் அரைக் கோப்பை, ஆடை நீக்காத பால் ஒரு கோப்பை. கொழுப்பை உருக்கி, அதில் காய்களை வதக்கி, இறைச்சியைச் சேர்த்துச் சிவக்க வறுத்து, தேறலை வற்றவிட்டு, தக்காளி சேர்த்து, இடையிடையே பால் ஊற்றி, சிறு தீயில் இரண்டு மணி நேரம் முணுமுணுக்க விட வேண்டும். அடுப்பைப் பெரிதாக்கி அரை மணியில் இறக்கிவிடுவோர்க்குக் குழம்பு கிடைக்கும், இராகூ கிடைக்காது.

செய்முறையை வணிக மன்றத்தில் பதிய வேண்டிய நிலை ஏன் வந்தது? வீட்டில் தாய்க்குத் தெரிந்ததை, மகளுக்குக் கைமாறியதை, எழுத்தாக்கி முத்திரையிட்டு வைக்கும் நெருக்கடி எவ்வாறு நேர்ந்தது? விடை வெளிநாட்டுக் கடைகளின் அடுக்குகளில் இருந்தது. பொலோஞாக் குழம்பு என்று சீட்டொட்டிய புட்டிகள் உலகெங்கும் விற்பனையாயின. அவற்றில் பாதிக்கு மேல் தக்காளி, இறைச்சி பெயரளவுக்கு, இனிப்பும் கூட்டப்பட்டிருந்தது. பொலோஞாவில் எவரும் இக்குழம்போடு சேர்த்து உண்ணாத மெல்லிழைப் பாசுத்தாவாகிய இசுப்பாகெத்தியோடு அதனை இணைத்து, அதற்கும் அவ்வூர்ப் பெயரையே சூட்டினர். பொலோஞாக்காரர் இக்குழம்பை இடுவது தல்யத்தெல்லெ என்னும் பட்டை நாடாக்களின்மேல். 1972-இலேயே அந்நாடாவின் அகலம் வெந்தபின் 8 மில்லிமீட்டர் என்று அதே மன்றத்தில் பொன்னால் செய்த ஒரு நாடாவை வைத்துப் பதிந்தனர். இது மிகை என்று சிலர் சிரிக்கலாம். ஊரின் பெயரைக் கண்டவனெல்லாம் எடுத்து விற்கும்போது அவ்வூரார் அளவுகோலை எடுத்துக்கொண்டு ஓடுவதில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது?

பெயரைக் கெடுத்தால் பொருளும் கெடும் என்பதைப் போர்லிம்போப்பொலியில் 1820-இல் பிறந்த ஒருவர் நூறாண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தார். பெல்லெகிரீனோ அர்த்தூசி என்பது அவர் பெயர். சமையற்காரர் அல்லர், வணிகர். 1851 சனவரியில் பசத்தோரெ என்னும் கொள்ளையனின் கூட்டம் அவ்வூர் நாடக அரங்கை வளைத்து, பார்க்க வந்திருந்த செல்வரையெல்லாம் சிறைப்பிடித்து ஊரைச் சூறையாடியது. அர்த்தூசியின் வீடும் தப்பவில்லை. அவர் தங்கையருள் ஒருத்தி அவ்விரவின் அச்சத்தால் மனங்கலங்கினவள் பின் தெளியவே இல்லை. குடும்பம் ஊரை நீங்கிப் புளோரன்சுக்குக் குடியேறியது. வணிகத்தில் பொருளீட்டி ஓய்ந்தபின், தம் எழுபத்தோராம் அகவையில், 1891-இல், சமையலைப் பற்றி ஒரு நூல் எழுதினார். வெளியிட எவரும் முன்வராமையால் தம் பணத்திலேயே ஆயிரம் படி அச்சிட்டார். 475 செய்முறைகளோடு தொடங்கிய அந்நூல், அவர் 1911-இல் இறக்கும்போது 790 செய்முறைகளாக வளர்ந்திருந்தது.

அக்காலத்து இத்தாலியின் நிலையை எண்ணிப்பார்க்க வேண்டும். 1861-இல் நாடு ஒன்றானது, மொழி ஒன்றாகவில்லை. அந்நாளில் இத்தாலிய மொழியைப் பேசத் தெரிந்தவர் நூற்றுக்கு இரண்டரைப் பேரே என்று மொழியறிஞர் துல்லியோ தெ மவுரோ 1963-இல் வெளிவந்த தம் நூலில் கணக்கிட்டார். செல்வர் வீட்டு அடுக்களையிலோ பிரெஞ்சு கொலுவீற்றிருந்தது. குழம்பின் பெயர் பிரெஞ்சு. மசியலின் பெயர் பிரெஞ்சு. பரிமாறும் முறையின் பெயரும் பிரெஞ்சு. தன் மண்ணில் விளைந்த உருளைக்கிழங்கைத் தன் வீட்டுச் சல்லடையில் தேய்த்து இறக்கிய இத்தாலியப் பெண், அதற்குப் பூரே என்று பெயர் சொன்னால்தான் உயர்ந்தவள். தன் மொழியில் சொன்னால் பட்டிக்காட்டாள். அர்த்தூசி அம்மசியலுக்குப் பசாத்தோ என்று தலைப்பிட்டார். சல்லடை வழிச் செலுத்தியது என்பது பொருள். அத்தலைப்பின் கீழேயே, உடை வகையிலும் சமையல் வகையிலும் அயன்மொழியில் உளறினாலொழிய இந்நாட்டில் எவர்க்கும் விளங்காது போயிற்றே என்று மனம் நொந்து எழுதினார். பெசமெல் என்னும் வெண்குழம்பைப் பால்சமெல்லா ஆக்கினார். கடலோர ஊர்களில் மீன்குழம்பு ஒன்றே ஊருக்கொரு பெயர் பூண்டு நிற்பதையும், அப்பெயர்களுள் ஒன்று மற்றோர் ஊரில் வேறோர் உணவைக் குறிப்பதையும் காட்டி, நாடு ஒன்றானபின்னும் நா ஒன்றாகாததை எண்ணி வருந்தினார்.

அவர் கையில் அரசு இல்லை, ஆணை இல்லை, தண்டம் இல்லை. அடுப்பும் எழுதுகோலும் இருந்தன. அவர் வீட்டுப் பணிமகள் மரியெத்தா சபத்தீனியும் சமையலாள் பிரான்செசுக்கோ உருபில்லியும் ஒவ்வொரு செய்முறையையும் சமைத்துப் பார்த்தனர். இல்லத்தரசியர் அவருக்கு மடல் எழுதினர், அவர் திருத்தினார், மறுபதிப்பில் சேர்த்தார். அவ்வாறு நாடெங்கும் வீடுகளுக்குள் அந்நூல் சென்றது. அதனோடு அதன் சொற்களும் சென்றன. 1970-இல் அந்நூலுக்கு ஆய்வுப் பதிப்புக் கண்ட பியேரோ கம்போரேசி, இத்தாலியை மொழியால் ஒன்றாக்கியதில் மன்சோனியின் பெருங்கதையினும் இச்சமையல் நூல் மிகுதியாகச் செய்தது என்று எழுதினார். கற்றோர் ஓதிய பெருநூலை அடுக்களை நூல் வென்றது! உணவுக்குப் பெயர் வேண்டா என்பார் இதற்கு என்ன விடை வைத்திருக்கின்றனர்?

இனி மற்றைப் பொய்க்கு வரலாம்.

முசோலினியின் ஆட்சி அயற்சொற்களை ஒழிக்கப் புறப்பட்டது உண்மையே. 1923-இல் அயன்மொழிப் பெயர்ப்பலகைகளுக்கு வரி. 1940 திசம்பர் 23-இல் கடைப் பெயரிலும் விளம்பரத்திலும் அயற்சொல்லைத் தடுக்கும் சட்டம். அதன்பின் நாட்டுக் கலைக்கழகத்தார் வெளியிட்ட மாற்றுச்சொற் பட்டியல்கள். இராகூ என்பதே பிரெஞ்சினின்று வந்த சொல் என்று, அதன் வாலை நீட்டி இராகுத்தோ என்று எழுத முயன்றதும் அந்நாளில்தான். அது பிரெஞ்சுச் சொல் என்பது மெய். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இமோலா ஊர்க் கர்தினாலுக்குச் சமைத்த ஆல்பெர்த்தோ அல்வீசி என்பவர் இறைச்சி இராகூவைப் பாசுத்தாவோடு சேர்த்த செய்முறை எழுத்தில் உள்ளது. பிரெஞ்சுச் சொல்லில் பிரெஞ்சு உணவை அவர் சமைக்கவில்லை. இனி அச்சொல்லை நீக்க வேண்டுமாயின் நீக்கும் முறை ஒன்று உண்டு. அர்த்தூசி இறைச்சிச் சாற்றுக்குச் செய்ததுபோல, எவர்க்கும் விளங்கும் தன்மொழிச் சொல்லை எடுத்து ஆளுவது. பிரெஞ்சுச் சொல்லின் முதுகில் இத்தாலிய வாலை ஒட்டவைப்பது தூய்மை ஆகாது, வேடம் ஆகும். மக்கள் அவ்வாலை அறுத்தெறிந்துவிட்டு இன்றும் இராகூ என்றே சொல்கின்றனர்.

இன்னொருவர் வந்தார். மரினெத்தி என்னும் எழுத்தாளர், முசோலினிக்கு அணுக்கர். 1930 திசம்பர் 28-ஆம் நாள் தூரின் நகர நாளிதழ் ஒன்றில் அவர் ஓர் அறிக்கை வெளியிட்டார். பாசுத்தா உண்பதனால்தான் இத்தாலியர் சோம்பிக் கிடக்கின்றனர், துயருறுகின்றனர், போருக்கு ஆகாதவராயினர். ஆகவே அதனை ஒழிக்க வேண்டும் என்பது அவர் முழக்கம். வெளிநாட்டுக் கோதுமைக்குப் பணம் போவதைத் தடுக்க முசோலினி 1925-இலேயே கோதுமைப் போர் ஒன்று தொடங்கியிருந்தான் என்பதையும், மரினெத்தி பாசுத்தாவுக்கு மாற்றாக அரிசியைப் புகழ்ந்தார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் முழக்கத்தின் உட்பொருள் விளங்கும். 1932-இல் வெளிவந்த அவரது சமையல் நூலில் அயற்சொற்களுக்கு மாற்றாகப் புதுச்சொற்களின் பட்டியல் ஒன்று இருந்தது. மதுக்கடைக்கு இங்கே-குடிக்கலாம் என்னும் பொருளில் குவிசிபேவெ; ஈரொட்டிக்கு இரண்டுக்கிடையே என்னும் பொருளில் திரைதூவெ; இறுதி இனிப்புக்கு எழுவதற்கு என்னும் பொருளில் பெரால்சார்சி.

ஒரு கையால் சொல்லைக் காக்கிறேன் என்கிறான். மறு கையால் அச்சொல் குறிக்கும் உணவையே பறிக்கிறான். பாட்டி விரித்த ஏட்டையும் தாய் பிடித்த தொப்பியையும் தூக்கி எறியச் சொல்பவனுக்குத் தாய்மொழியின்மேல் என்ன பற்று இருக்க முடியும்? அவனது பற்றெல்லாம் படையின்மேல். அச்சொற்கள் அனைத்தும் செத்தன. ஆனால் அதே கால அளவில், அதே தூரின் நகரில், அதே ஈரொட்டிக்கு வைக்கப்பட்ட மற்றொரு பெயர் பிழைத்தது. திரமெசீனோ என்பது அச்சொல். பாவலர் தன்னுன்சியோ இட்ட பெயர் என்பர். இடையிட்ட சிறியது என்பது பொருள். குழந்தைக்கும் விளங்கும், நாவில் வழுக்கும், நாட்டார் வேர்ச்சொல்லினின்று இயல்பாகக் கிளைத்தது. தன்னுன்சியோவும் போர் முழக்கத்தில் எவர்க்கும் இளைத்தவர் அல்லர். ஆயினும் சொல் தன் கட்டமைப்பின் வலுவால் நின்றது. இன்றைக்கும் இத்தாலியின் எந்தத் தேநீர்க் கடையிலும் அச்சொல்லைச் சொல்லித்தான் கேட்க வேண்டும். மாற்றுச்சொல் எதுவும் நில்லாது என்று இகழ்பவர் இதனை அறிந்துகொள்ளட்டும்; எதனையும் ஆணையால் நிறுத்திவிடலாம் என்று கருதுபவர் முன்னதை அறிந்துகொள்ளட்டும்.

முசோலினியின் மொழித்தூய்மை எத்தகையது என்பதற்கு முதற்சான்று சமையல் நூல்களில் இல்லை. ஆல்ப்சு மலைச்சாரலில் இருக்கிறது. முதல் உலகப் போருக்குப்பின் இத்தாலியோடு இணைக்கப்பட்ட தென் திரோல், செருமன் மொழி பேசும் மக்களின் நிலம். 1923 சூலை 15-ஆம் நாள், எத்தோரெ தொலொமெய் என்பவர் அம்மக்களை இத்தாலியராக்கும் 32 திட்டங்களைப் பொல்சானோ நகர நாடக அரங்கில் அறிவித்தார். ஊர்ப் பெயர்கள் மாற்றப்பட்டன; திரோல் என்னும் பெயரே தடுக்கப்பட்டது; அவ்வாண்டு தொடங்கிப் பள்ளிகளில் செருமன் மொழி படிப்படியாக நீக்கப்பட்டது. மக்கள் களஞ்சியங்களிலும் நிலவறைகளிலும் மறைவாகப் பள்ளி நடத்தினர். அவ்வாறு கற்பித்தமைக்காகச் சிறை சென்ற ஆசிரியை ஏஞ்செலா நிக்கொலெத்தி 1930-இல் தம் 25-ஆம் அகவையில் இறந்தார். தன் வீட்டை அயற்சொல்லினின்று காப்பவன் பிறன் வீட்டுக்குள் புகுந்து அவன் நாவை அறுப்பானா? அறுத்தானெனில் அவன் செய்தது காப்பு அன்று, கொள்ளை. பசத்தோரெயின் கூட்டம் நாடக அரங்கில் செய்ததைத் தொலொமெய் சட்டத்தால் செய்தார். இதனையும் அர்த்தூசி செய்ததையும் ஒரே தட்டில் வைத்து எடைபோடுபவர்க்குத் தட்டும் தெரியாது, எடையும் தெரியாது.

அம்மலைச்சாரலிலும் உள்ளீடு வைத்த பாசுத்தா உண்டு. கம்பரிசி மாவும் கோதுமை மாவும் கலந்து பிசைந்து, பசளைக்கீரையும் பாலாடைக்கட்டியும் உள்ளே வைத்து, பிறையாக மடித்து அவித்து, உருக்கிய வெண்ணெய் ஊற்றி உண்பர். சுலுட்சுக்கிராப்பன் என்பது அதன் பெயர். வழுக்கிச் செல்வது என்னும் குறிப்பு அதில் உண்டு. ஊரின் பெயரை மாற்றினார்கள். தெருவின் பெயரை மாற்றினார்கள். கல்லறைக் கல்லில் இருந்த எழுத்தையும் விட்டுவைக்கவில்லை. அடுப்பின்மேல் கொதித்துக்கொண்டிருந்த பிறைக்குப் பெயர் மாற்ற முடியவில்லை. 1972-இல் இரண்டாம் தன்னாட்சிச் சட்டம் வந்தபின் அங்கே உண்டிச்சாலைப் பட்டியல்களில் இரு மொழியும் அருகருகே நிற்கின்றன. அப்பிறைகளின்மேல் எமிலியா நாட்டுப் பார்மிச்சானோவைத் துருவித் தூவுவதில் அம்மக்களுக்கு எத்தடையும் இல்லை. பொருள் எங்கிருந்து வந்தாலும் அதன் சொந்தப் பெயரோடு வந்தால் வரவேற்பு உண்டு.

ஆணையால் நேர்ந்த கேடு இவ்வளவு. ஆணையே இல்லாமல், தடியே தூக்காமல், புன்னகையோடு வந்து பெயரைக் கெடுக்கும் வேறொரு வல்லாட்சி உண்டு. அதன் கதை தகரக் குவளையின் கதை.

எத்தோரெ போயார்தி 1897-இல் பியாசென்சாப் பகுதியில் பிறந்தவர். அதுவும் எமிலியா நிலமே. இரிக்கோத்தாவும் கீரையும் அடைத்து, ஓரத்தைச் சடைபோலப் பின்னி வால் விட்டு முடிக்கும் தொர்த்தெல்லி அப்பகுதியின் சிறப்பு. பதின்பருவத்தில் அமெரிக்கா சென்றவர், 1924-இல் கிளீவ்லாந்து நகரில் உணவகம் திறந்தார். அவர் குழம்பின் சுவையில் மயங்கியவர்கள் வீட்டுக்கும் கேட்டனர். பால் புட்டிகளில் ஊற்றிக் கொடுத்தார். கேட்போர் பெருகவே 1928-இல் தொழிற்சாலை கண்டார். அப்போது ஓர் இடர். போயார்தி என்னும் பெயர் அமெரிக்க நாவில் நுழையவில்லை. வாங்குவோர் மட்டுமல்லர், விற்கச் சென்ற அவர் ஆள்களே தடுமாறினர். அவர் என்ன செய்தார்? தந்தை தந்த குடிப்பெயரை மூன்று துண்டாக வெட்டி, நடுவே கோடிட்டு, பாய்-ஆர்-டீ என்று குவளைச் சீட்டில் அச்சிட்டார். முதல் துண்டு ஆங்கிலத்தில் பையன் என்று பொருள்படும். சமையற்காரத் தொப்பியணிந்த அவர் முகம் அப்பெயரின் மேலே சிரித்துக்கொண்டிருந்தது. 1946-இல் தொழிலே கைமாறியது. முகமும் துண்டான பெயரும் வாங்கியவர் உடைமையாயின. அவர் 1985-இல் இறந்தபின்னும் குவளைகள் வெளிவந்துகொண்டே இருந்தன.

அக்குவளைக்குள் இருந்தது என்ன? இறைச்சி அடைத்த இரவியோலியும் தக்காளிக் குழம்பும். பின்னிய சடை இல்லை. விரித்த ஏட்டின் மென்மை இல்லை. திறந்து சூடாக்கினால் கரண்டியால் வழித்து உண்ணலாம். போயார்தியைக் குற்றம் சொல்வது எளிது, ஆனால் முறையன்று. அவர் கைத்திறம் உண்மையானது. பசித்தவர்க்குக் குறைந்த விலையில் உணவு கொடுத்தார். வேற்று நாட்டில் பிழைக்கப் போனவனுக்கு இருக்கும் நெருக்கடி உட்கார்ந்து எழுதுபவனுக்கு இராது. குற்றம், ஒருவனை நோக்கி, உன் பெயரை உடைத்துக்கொண்டு வா, உன் உணவை வாங்குகிறேன் என்று சொல்லும் சந்தையினது. அச்சந்தையை எதிர்த்து ஒரு சட்டமும் எழுதப்படவில்லை. எவரும் அதனைக் கொடுங்கோல் என்று அழைப்பதும் இல்லை.

அதே அமெரிக்காவில், தென் இத்தாலியினின்று கப்பலேறிச் சென்ற ஏழைக் குடும்பத்துப் பெண்கள் வேறொன்று செய்தனர். ஊரில் ஆண்டுக்குச் சில நாளே கண்ட இறைச்சி அங்கே கிழமைதோறும் கிடைத்தது. பெரிய சிப்பி வடிவப் பாசுத்தாவில் இரிக்கோத்தாவை அடைத்து, இறைச்சிக் குழம்பை ஊற்றி, மேலே கட்டியைத் தூவி அடுப்பில் வேகவைத்து, ஞாயிறுதோறும் மக்கள், மருமக்கள், பேரர் எல்லாரையும் ஒரே பலகையில் அமர்த்திப் பரிமாறினர். இத்தாலியில் உள்ளோர் சிலர் அதனைப் பார்த்து முகஞ்சுளிப்பர். சுளிக்கத் தேவையில்லை. அப்பெண்கள் பொலோஞாவின் பெயரைத் திருடவில்லை. அடைத்த சிப்பி என்று உள்ளதை உள்ளபடி சொன்னார்கள். புது மண்ணில் பிறந்த உணவு புதுப் பெயரோடு பிறந்தது. மரபு என்பது இதுவன்றி வேறென்ன? பொலோஞாவிலும் பதிவேடு கல்வெட்டாக உறைந்துவிடவில்லை. அர்த்தூசி எழுதிய பொலோஞா முறைக் குழம்பில் தக்காளியே இல்லை, 1982-இல் இருந்தது. 2023 ஏப்பிரல் 20-இல் அதே கழகத்தார் செய்முறையைத் திருத்தி மறுபடி பதிந்து, வேறு இறைச்சிகளையும் கலக்கலாம் என்று இசைந்தனர். உணவு மாறலாம். மாற்றுபவள் அந்த வீட்டுக்காரியாக இருக்க வேண்டும், அவ்வளவே வழக்கு.

பார்மிச்சானோவின் வழக்கு மன்றம் வரை சென்றது. ஒரு சக்கரக் கட்டிக்கு ஏறக்குறைய 550 இலிட்டர் பால் வேண்டும். குறைந்தது பன்னிரண்டு திங்கள் முதிர வேண்டும். பார்மா, இரெச்சோ எமிலியா முதலிய குறித்த பகுதிகளில் மட்டுமே செய்தல் வேண்டும். செருமனியில் வேறெங்கோ செய்த துருவலைப் பார்மிசன் என்று விற்றனர். அது பொதுச்சொல், எவர்க்கும் உரியது என்பது செருமனி அரசின் வாதம். பிறன் பொருளைப் பறிப்பவர் எல்லாரும் முதலில் அதனைப் பொது என்றுதானே சொல்வர்! 2008 பெப்ருவரி 26-இல் ஐரோப்பிய வழக்குமன்றம் அவ்வாதத்தை ஏற்கவில்லை. பார்மிசன் என்னும் சொல் பார்மிச்சானோ இரெச்சானோவையே நினைவூட்டுகிறது, ஆகவே அதன் காப்புக்கு உட்பட்டது என்றது. அமெரிக்காவிலோ அச்சொல் இன்னும் பொதுச்சொல்லே. பத்துத் திங்கள் முதிர்ந்தால் போதும், எந்நிலத்துப் பாலானாலும் அப்பெயரில் விற்கலாம். கடலின் இக்கரையில் திருட்டு, அக்கரையில் வணிகம்.

போர்லிம்போப்பொலியில் 2007-ஆம் ஆண்டு அர்த்தூசியின் பெயரில் ஓர் இல்லம் திறக்கப்பட்டது. நூலகம் உண்டு, சமையற் பள்ளியும் உண்டு. அங்கே வருபவர்க்கு மாவைப் பிசையவும் ஏடு விரிக்கவும் தொப்பி பிடிக்கவும் கற்றுத்தரும் பெண்கள், மரியெத்தாக்கள் என்று தம்மை அழைத்துக்கொள்கின்றனர். அர்த்தூசியின் பணிமகள் மரியெத்தாவின் பெயர் அது. அவள் செய்த இனிப்பு ரொட்டிக்குத் தம் நூலில் அவள் பெயரையே தலைப்பாக இட்டவர் அர்த்தூசி. இறக்கும்போது நூலின் உரிமையை அவளுக்கும் பிரான்செசுக்கோவுக்கும் எழுதி வைத்தார். கொண்டாடும் நாள்களில் அவ்வில்லத்தின் நீண்ட பலகையில் மாவுத்தூள் பறக்க, உருட்டுக் கட்டைகள் ஒன்றாக உருள்கின்றன. பத்துவயதுச் சிறுமி ஒருத்தி தொப்பியின் முனை ஒட்டாமல் திணறினால், பக்கத்தில் நிற்கும் மரியெத்தா அவள் விரலைப் பிடித்துச் சுற்றிக் காட்டி, அதன் பெயரையும் ஒரு முறை சொல்லிக் கொடுக்கிறாள்.